எதிர்காலத் தோற்றம் கொண்ட கனத்த எழுத்துருவை எங்கே பயன்படுத்துவது?

புதிதாக ஒரு செயலியை உருவாக்கிவரும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: கனத்த கோடுகளும், சதுரமும் வட்டமும் கலந்த அமைப்பும் கொண்ட, எதிர்காலத் தோற்றம் தரும் ஆங்கில எழுத்துரு ஒன்று அவருக்குப் பிடித்துவிட்டது, அதை எங்கெல்லாம் பயன்படுத்தலாம், செயலியின் பொத்தான்கள் முதல் விளக்கப் பத்திகள் வரை எல்லாவற்றுக்கும் அதையே வைத்துவிடலாமா, தமிழிலும் இதே தோற்றத்தைக் கொண்டுவர முடியுமா? மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: பார்த்தவுடன் மனத்தைக் கவரும் ஓர் எழுத்துரு எவ்வளவு சொற்களைச் சுமக்கும் என்பதே அது. எழுத்து வடிவமைப்பிலும் பக்க அமைப்பிலும் பல ஆண்டுகளாக வேலை செய்துவருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அவர் தேர்ந்தெடுத்த கோப்பை நான் பார்க்கவில்லை. ஆகவே இந்த வகை எழுத்துருக்கள் அனைத்துக்கும் பொருந்துவதை மட்டுமே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், பெயருக்கும் தலைப்புக்கும் பெரிய எண்களுக்கும் தயங்காமல் பயன்படுத்தலாம். பொத்தான்களுக்கும் பத்திகளுக்கும் வேண்டாம். தமிழில் அதே உணர்வைக் கொண்டுவரலாம், ஆனால் அதே வடிவங்களைக் கொண்டு அல்ல.

எழுத்துருக்கள் பெரும்பாலும் இரண்டு வேலைகளில் ஒன்றுக்காக வரையப்படுகின்றன. வாசிப்பு எழுத்துரு பக்கம் பக்கமாகப் படிப்பதற்கானது. வாசகர் அதன் வடிவத்தைக் கவனிக்காமல் பொருளுக்குள் போய்விட வேண்டும் என்பதே அதை வரைந்தவரின் நோக்கம். தலைப்பு எழுத்துரு அதற்கு நேர்மாறானது. அது முதலில் ஓர் உருவமாகக் கண்ணில் பட வேண்டும், பிறகே சொல்லாகப் படிக்கப்பட வேண்டும். பெரிய அளவில் ஓரிரு சொற்களுக்காக அதை வரைவதால், எழுத்துகளின் உள்வெளியை, அதாவது கோடுகளுக்குள் எஞ்சும் வெற்றிடத்தை, குறுக்கலாம், ஒரு குறுக்குக்கோட்டை நீக்கலாம், எல்லா எழுத்துகளையும் ஒரே சட்டகத்தில் அடக்கலாம். இந்தச் சுதந்திரம்தான் அதன் அழகுக்குக் காரணம். சிறிய அளவில் அது தோற்றுப்போவதற்கும் அதுவே காரணம். படிக்கும்போது கண் ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டை நம்பித்தான் ஓடுகிறது. வடிவியல் எழுத்துருவோ வேறுபாட்டைக் குறைத்து ஒற்றுமையைக் கூட்டுகிறது: ஆங்கிலத்தின் சி, டி (D), ஜி, ஓ, கியூ ஆகிய ஐந்தும் ஒரே சட்டகத்தின் ஐந்து மாறுதல்களாக நிற்கின்றன. நான்கு எழுத்துள்ள ஒரு பெயரில் இந்த ஒற்றுமை கம்பீரமாக இருக்கும். நாற்பது சொற்கள் கொண்ட பத்தியில் அது கண்ணைக் களைப்படையச் செய்யும்.

இத்தகைய எழுத்துரு அளவுகோலையும் கவராயத்தையும் கொண்டு வரையப்பட்டது போலத் தோன்றும். நல்ல எழுத்துருவாக இருந்தால் அப்படி வரையப்பட்டிருக்காது. ஒரே உயரமுள்ள சதுரத்தையும் வட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வட்டம் சிறியதாகத் தெரியும். அதனால் வட்ட எழுத்துகள் மேலும் கீழும் சற்று மிஞ்சி வரையப்படுகின்றன, பெரும்பாலும் எழுத்தின் உயரத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு. ஒரே தடிமனில் ஒரு படுக்கைக் கோட்டையும் ஒரு நிமிர்கோட்டையும் போட்டால் படுக்கைக் கோடு தடித்ததாகத் தெரியும். அதனால் அது சற்று மெலிதாக்கப்படுகிறது. ‘எச்’ எழுத்தின் குறுக்குக்கோடு சரிநடுவில் இருந்தால் கீழே இறங்கிவிட்டது போல் இருக்கும். ‘எஸ்’ எழுத்தின் மேல் வளைவும் கீழ் வளைவும் சமமாக இருந்தால் தலை பெருத்துவிட்டது போல் இருக்கும். இன்னொன்று, இந்த வகைக்கே உரிய சிக்கல்: நேர்கோடு திடீரென்று வட்ட வில்லாக மாறும் இடத்தில் இல்லாத ஒரு புடைப்பு கண்ணுக்குத் தெரியும். கணக்கு சரியாக இருந்தும் கண் ஏற்காது. வளைவு சற்று முன்னதாகவே மெல்லத் தொடங்கி மெல்ல முடியும்படி வரைந்தால்தான் அந்தப் புடைப்பு மறையும். கோடுகள் தடிக்கத் தடிக்க உள்ளே எஞ்சும் வெள்ளை குறைந்துகொண்டே போவதால், மெல்லிய எடையில் (கோட்டின் தடிமனையே எடை என்கிறோம்) மன்னிக்கப்படும் தவறு கனத்த எடையில் அப்பட்டமாகத் தெரியும். ஆகவே எழுத்துருவை வாங்குவதற்கு முன் ‘ஓ’, ‘எஸ்’, ‘ஆர்’, ‘எம்’, எண் எட்டு ஆகியவற்றைத் திரை நிறையப் பெரிதாக்கிப் பாருங்கள். எட்டின் இரு வளையங்களும் அச்சாகச் சமமாக இருந்தால், ‘எம்’ எழுத்தின் சாய்கோடுகள் சேரும் மூலையில் கறுப்புத் திட்டு தெரிந்தால், அதை வரைந்தவர் கணினியின் கணக்கோடு நிறுத்திக்கொண்டார் என்று பொருள். இலவசமாகக் கிடைப்பவற்றில் இக்குறை அதிகம். விலை கொடுத்து வாங்குபவற்றிலும் இல்லாமல் இல்லை.

இந்தப் பாடம் புதியதன்று. 1925-இல் ஹெர்பர்ட் பேயர் ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் கலைப் பள்ளியில் வட்டத்தையும் நேர்கோட்டையும் மட்டுமே அடிப்படையாகக் கொண்டு, பெரிய எழுத்துகளே இல்லாத ஓர் எழுத்து வரிசையை முன்வைத்தார். அதே பள்ளியைச் சேர்ந்த யோசஃப் ஆல்பர்ஸ் அடுத்த ஆண்டுவாக்கில் சதுரம், கால்வட்டம், வட்டம் ஆகிய துண்டுகளை இணைத்து எழுத்துகளைக் கட்டிக் காட்டினார். இரண்டும் சிந்தனையாகச் சிறந்தவை. நீண்ட உரைக்கு எவரும் அவற்றைப் பயன்படுத்த முடியவில்லை. 1927-இல் பாவர் எழுத்து வார்ப்பகம் (உலோக அச்செழுத்துகளை வார்த்து விற்ற நிறுவனம்) வெளியிட்ட, பவுல் ரென்னர் வரைந்த ஃப்யூச்சுரா என்ற எழுத்துரு இன்றுவரை நிலைத்திருக்கிறது. ரென்னரின் தொடக்க வரைவுகளில் சிறிய ‘ஆர்’ ஒரு நிமிர்கோடும் அதன் அருகே ஒரு புள்ளியுமாக இருந்தது. அதுபோன்ற துணிச்சலான வடிவங்கள் வெளியீட்டுக்கு முன் பெரும்பாலும் கைவிடப்பட்டன, வட்டங்கள் கண்ணுக்கு ஏற்பத் திருத்தப்பட்டன. வடிவியல் கொள்கையைத் தளர்த்தியதால்தான் அது வாழ்ந்தது என்பது என் துணிபு. 1969-இல் அப்போலோ 11 பயணத்தில் நிலவில் விட்டுவரப்பட்ட உலோகப் பலகையின் வாசகமும் அந்த எழுத்துருவில்தான் பொறிக்கப்பட்டுள்ளது.

கேட்டவர் விரும்பும் தோற்றத்துக்கு இன்னொரு கிளையும் உண்டு. அதுவே இன்று நாம் எதிர்காலம் என்று உடனே அடையாளம் காணும் கிளை. 1930-இல் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்த பேங்க் காதிக் எழுத்துரு மூலை மழுங்கிய சதுர எழுத்துகளைப் பரவலாக்கியது. 1952-இல் இத்தாலியின் தூரின் நகரிலிருந்த நெபியோலோ வார்ப்பகத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ புட்டியும் ஆல்டோ நோவரேசேயும் மைக்ரோகிராமா என்ற, பெரிய எழுத்துகள் மட்டுமே கொண்ட எழுத்துருவை உருவாக்கினர். 1962-இல் நோவரேசே அதைச் சிறிய எழுத்துகளோடு யூரோஸ்டைல் என்று விரிவாக்கினார். அக்காலத் தொலைக்காட்சித் திரையைப் போலப் பக்கங்கள் லேசாகப் புடைத்து, மூலைகள் உருண்ட சதுரமே அதன் அடிப்படை வடிவம். காசோலைகளின் அடியில் காந்த மையால் அச்சிடப்படும் இ-13பி எண்கள் இன்னொரு ஊற்று. பத்து இலக்கங்களும் நான்கு குறிகளும் மட்டுமே கொண்ட அது, எந்திரம் படிப்பதற்காக விசித்திரமான இடங்களில் தடித்திருந்தது. அந்தத் தடிப்பை அழகாகக் கண்ட வடிவமைப்பாளர்கள் 1960-களின் நடுவிலிருந்து முழு எழுத்து வரிசைகளையே அதன் சாயலில் வரைந்தனர். 1967-இல் டச்சு வடிவமைப்பாளர் விம் க்ரோவெல் எதிர்மின் கதிர்க்குழாய்த் திரைக்கு (பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்த வகைத் திரை) ஏற்றவாறு நிமிர்கோடும் படுக்கைக் கோடும் மட்டுமே கொண்ட ‘புதிய எழுத்து வரிசை’யை முன்வைத்தார், அதில் பல எழுத்துகளைக் கற்றுக்கொள்ளாமல் படிக்கவே முடியாது. 1975-இல் ரிச்சர்ட் டேன், புரூஸ் பிளாக்பர்ன் இருவரின் நிறுவனம் நாசாவுக்கு வரைந்த சிவப்புப் பெயர்ச் சின்னத்தில் ‘ஏ’ எழுத்துக்குக் குறுக்குக்கோடே கிடையாது. 1992-இல் விலக்கப்பட்ட அது 2020-இல் திரும்பி வந்தது.

இவ்வளவு வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் எதிர்காலம் என்று உணரும் வடிவங்களில் பெரும்பகுதி, அரை நூற்றாண்டுக்கு முந்தைய எந்திரங்களிலிருந்தும் விண்வெளிக் கனவுகளிலிருந்தும் வந்தவை. பெயர்களும் ஆண்டுகளும் உறுதியானவை. ஆனால் சதுரமான அகன்ற எழுத்து ஏன் எதிர்காலத்தை நினைவூட்டுகிறது என்பதற்குப் பழக்கமே காரணம் என்று நான் சொல்வது என் கணிப்பு. வடிவத்திலேயே அந்த உணர்வு உறைந்திருக்கிறது என்று வாதிடும் வடிவமைப்பாளர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் தேர்வு செய்பவர் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: தமக்கு வேண்டியது எந்த எதிர்காலம்? மூலை உருண்ட அகல எழுத்து 1960-களின் விண்வெளியையும், கூர்மையாக வெட்டிய மூலைகளும் சாய்வும் வேகத்தையும் போட்டியையும், தூய வட்டங்கள் தெளிவான நவீனத்தையும், உடைந்த கோடுகள் கணினிக் குறியீட்டையும் நினைவூட்டுகின்றன. உடல்நலச் செயலிக்குப் போர் விளையாட்டின் எழுத்து வந்துவிட்டால், எழுத்துரு எவ்வளவு நன்றாக வரையப்பட்டிருந்தாலும் பொருந்தாது.

இனி அது பொருந்தும் இடங்கள். செயலியின் பெயர்ச் சின்னம், தொடக்கத் திரை, கணினி விளையாட்டின் தலைப்பு, இசைத் தொகுப்பின் அட்டை, தொழில்நுட்ப மாநாட்டின் மேடைப் பின்னணி, காணொளியின் தொடக்க அட்டை, விளையாட்டு வீரரின் முதுகு எண், வாகனத்தின் பக்கவாட்டுப் பெயர், மின்னணுக் கருவியின் பெட்டி. இவை எல்லாவற்றிலும் சொற்கள் குறைவு, அளவு பெரிது, படிப்பவர் அவசரத்தில் தவறாகப் படித்தாலும் தீங்கில்லை. இந்த மூன்றும் சேர்ந்திருக்கும் இடத்தை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம். செயலிக்குள்ளேயும் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு: ஒரு பெரிய மதிப்பெண், ஓடும் கடிகாரத்தின் எண், ஒரு கட்டம் முடிந்ததும் வரும் ஒற்றைச் சொல். எண்களைப் பயன்படுத்துவதானால், எல்லா இலக்கங்களும் ஒரே அகலத்தில் இருக்கும் தொகுப்பு அந்த எழுத்துருவில் உண்டா என்று பாருங்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொரு விநாடியும் எண்கள் இடமும் வலமும் ஆடும்.

பொருட்களின் மேல் இடும்போது வேறு கணக்குகள் வந்து சேரும். வினைல் தாளை வெட்டி ஒட்டுவதற்கு நேர்கோடுகளும் பரந்த வளைவுகளும் கொண்ட கனத்த எழுத்து மிக ஏற்றது. வெட்டும் கத்தி தடுமாறாது, வெட்டிய துண்டைப் பிரித்தெடுப்பதும் எளிது. ஆனால் மெல்லிய பிளவுகள் கொண்ட வடிவமாக இருந்தால் அந்தப் பிளவுகளில் தாள் கிழியும். உலோகத்திலோ மரத்திலோ ஊடுருவ வெட்டும்போது ஆங்கிலத்தின் ‘ஓ’, ‘ஏ’ போன்ற மூடிய எழுத்துகளின் உள்துண்டு கழன்று விழுந்துவிடும். அதைத் தாங்கும் சிறு பாலங்கள் கொண்ட, ஸ்டென்சில் வகையிலான வடிவம் தேவை. தையல் பூவேலையில் நூலின் தடிமன் காரணமாகக் குறுகிய உள்வெளிகள் அடைபடும். பின்னாலிருந்து ஒளியூட்டப்படும் எழுத்தில் வெளிச்சம் ஓரங்களைத் தாண்டிக் கசிவதால் எழுத்து இன்னும் தடித்துத் தெரியும். அங்கே ஒரு படி மெலிந்த எடையை எடுப்பதே முறை.

பொருந்தாத இடங்களில் முதலில் வருவது பத்தி. அதை மேலே சொல்லிவிட்டேன். பொத்தான்களும் படிவங்களும் அதைவிடக் கவனிக்க வேண்டியவை, ஏனென்றால் அங்கே ஆட்கள் படித்து முடிவெடுக்கிறார்கள். அகலமான எழுத்து பொத்தானின் இடத்தை விழுங்கும். அதை அடக்க அளவைக் குறைப்பீர்கள். அளவு குறைந்ததும் உள்வெளி அடைபடும். இதைவிடவும் கடுமையானது எழுத்துகள் ஒன்றோடொன்று மயங்குவது. சதுர வடிவ எழுத்துருக்களில் ‘ஓ’ எழுத்தும் பூஜ்யமும், ‘பி’ எழுத்தும் எட்டும், ‘எஸ்’ எழுத்தும் ஐந்தும், ‘இசட்’ எழுத்தும் இரண்டும், பெரிய ‘ஐ’, சிறிய ‘எல்’, ஒன்று ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே வடிவமாகிவிடும். ஒரு பெயரில் இது பரவாயில்லை, சுற்றியுள்ள எழுத்துகள் காப்பாற்றிவிடும். கடவுச்சொல், ஒருமுறைக் குறியீடு, வரிசை எண், மருந்தின் பெயர், எச்சரிக்கை வாசகம் ஆகியவற்றில் காப்பாற்ற எதுவும் இல்லை. அங்கே இந்த எழுத்துருவை எந்த அளவிலும் வைக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

குறுக்குக்கோடில்லாத ‘ஏ’ எழுத்து இந்தத் தோற்றத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டதால், அதைப் பெறுவதற்காகப் பலர் கிரேக்க லாம்டா எழுத்தைத் தட்டச்சு செய்துவிடுகிறார்கள். மூன்று படுக்கைக் கோடுகளான ‘ஈ’ எழுத்துக்குக் கிரேக்க க்ஸை எழுத்தையும் அப்படியே. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது வேறு எழுத்து. தேடினால் அந்தப் பெயர் கிடைக்காமல் போகலாம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அதை வேறு எதுவாகவோ உச்சரிக்கும். நல்ல எழுத்துருக்களில் இத்தகைய வடிவங்கள், அதே எழுத்தின் மாற்று வடிவங்களாக உள்ளேயே வைக்கப்பட்டிருக்கும். மென்பொருளில் அந்த வசதியை இயக்கினால் உரை மாறாமல் தோற்றம் மட்டும் மாறும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாட்டிலும் ஒரு தெளிவான அளவு உண்டு. இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதலின் இடைநிலை மட்டம், சாதாரண உரைக்கு 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு விகிதத்தையும், 18 பாயின்ட் அளவிலோ, தடித்ததாக இருந்தால் 14 பாயின்ட் அளவிலோ, அதற்கு மேலோ உள்ள பெரிய உரைக்கு 3-க்கு 1 என்ற விகிதத்தையும் கேட்கிறது. பெயர்ச் சின்னத்துக்கு இந்த விதி பொருந்தாது என்றாலும், தலைப்புகளுக்குப் பொருந்தும். கருநீலப் பின்னணியில் ஊதா எழுத்து என்ற, இந்த வகையில் அடிக்கடி காணும் சேர்க்கை பெரும்பாலும் இதில் தேறாது.

எழுத்தை அடுக்கும் முறையில் இரண்டு வழிகள்தாம் நன்றாக வருகின்றன. கனத்த எடையானால் இடைவெளியை இறுக்கி, சொல் முழுவதையும் ஒரே பாளமாக நிறுத்தலாம்; நடுத்தர எடையில் அகன்ற எழுத்தானால் இடைவெளியைத் தாராளமாக விட்டு, ஒவ்வோர் எழுத்தையும் தனித் தூணாக நிறுத்தலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது தீர்மானமற்றதாகத் தெரியும். எழுத்து இணைகளுக்கிடையிலான நுண்ணிய இடைவெளித் திருத்தத்தை, அதாவது கெர்னிங்கை, பெயர்ச் சின்னத்தில் மென்பொருளிடம் விடாமல் கையால் செய்யுங்கள். ‘எல்’, ‘டி’ (T), ‘ஏ’, ‘வி’ ஆகியவை அடுத்தடுத்து வரும்போது விழும் ஓட்டை பெரிய அளவில் சொல்லை இரண்டாகப் பிளந்து காட்டும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து உள்ளதைவிடத் தடித்துத் தெரிவதால், இருண்ட திரைக்கு எடையைச் சற்றுக் குறைக்கலாம். சாய்வு வேண்டுமானால் எழுத்துருவோடு வரும் சாய்ந்த வடிவத்தையே எடுங்கள். மென்பொருளைக் கொண்டு சாய்த்தால் வட்டங்கள் ஒரு மூலையில் தடித்து மறுமூலையில் மெலிந்துவிடும். ஒளிவட்டம், குரோமிய மினுமினுப்பு, முப்பரிமாண நிழல் ஆகியவற்றைச் சேர்க்கும் ஆசை இயல்பாக வரும். வடிவமே உரக்கப் பேசும்போது அதன் மேல் இன்னொரு குரலை ஏற்றினால் இரண்டும் கேட்காது.

துணைக்கு வைக்கும் வாசிப்பு எழுத்துருவைத் தேர்வதில் பலர் ஒத்த தோற்றத்தைத் தேடுகிறார்கள். வடிவியல் தலைப்புக்கு வடிவியல் பத்தி என்று வைத்தால், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் முழுதும் ஒன்றல்ல என்ற நிலையில், ஏதோ தவறிவிட்டது போன்ற உணர்வே மிஞ்சும். கையெழுத்தின் சாயல் சற்றே கொண்ட, உள்வெளி திறந்த, அமைதியான எழுத்துருவை அருகில் வைத்தால் தலைப்பின் கம்பீரம் கூடும். இதற்கு நிரூபணம் கேட்டால் என்னிடம் இல்லை. பக்கங்களை அடுக்கிப் பார்த்துப் பழகிய கண்ணின் தீர்ப்பு இது.

தமிழுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இந்தத் தோற்றம் பெரும்பாலும் பெரிய எழுத்துகளை நம்பி நிற்கிறது. எல்லாம் ஒரே உயரம், மேலும் கீழும் எதுவும் நீட்டாது. தமிழில் அந்த வகை இல்லை. ட, ப, ம, ய போன்றவை நேர்கோட்டிலும் செங்கோணத்திலும் இயல்பாகவே அமர்ந்துவிடும். ங, ழ போன்றவற்றையும் சிறிது முயன்றால் அமர்த்தலாம். சிக்கல் சுழிகளில் இருக்கிறது. ன எழுத்துக்கு இரண்டு சுழி, ண எழுத்துக்கு மூன்று. கோடு தடிக்கும்போது அந்தச் சுழிகளின் உள்வெளிதான் முதலில் அடைபடும், அடைபட்டதும் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைச் சுழிக் கொம்புக்கும் இடையிலான வேறுபாடு ஒரு சிறு சுழியில் இருக்கிறது. அது மறைந்தால் ‘பேறு’ ‘பெறு’ ஆகிவிடும். குறில் இகரக் குறிக்கும் நெடில் ஈகாரக் குறிக்கும் அப்படியே. ‘வீடு’ ‘விடு’ ஆகிவிடும். ரகரத்தின் கீழ்ச்சாய்வைச் சதுர வடிவத்துக்காக வெட்டிவிட்டால் அது துணைக்காலோடு மயங்கும். ஆங்கிலத்தில் ‘ஏ’ எழுத்தின் குறுக்குக்கோட்டை எடுத்தாலும் அது ‘ஏ’ தான், ஏனென்றால் அந்த வடிவத்துக்குப் போட்டியாக இன்னொரு ஆங்கில எழுத்து இல்லை. தமிழில் ஒரு சுழியை எடுத்தால் அங்கே வேறொரு எழுத்து வந்து நின்றுவிடுகிறது. அதனால் தமிழில் இத்தோற்றத்தை வரைபவருக்கு எதை நீக்கலாம் என்பதில் சுதந்திரம் குறைவு. சுழிகளைச் சதுரமாக்கலாம், ஒரு பக்கம் திறந்து விடலாம், எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இது. ஆங்கிலத்தின் தடிமனைத் தமிழுக்கு அப்படியே கொண்டுபோகாமல், ஒரு படி மெலிந்த எடையையும் ஒரு படி கூடிய அகலத்தையும் எடுங்கள். இரண்டும் பக்கத்தில் நிற்கும்போது கறுப்பு சமமாகத் தெரிந்தால் போதும், கோட்டின் அளவு சமமாக இருக்க வேண்டியதில்லை. திறந்த உரிமத்தில் கிடைக்கும் எழுத்துருக்களில், தமிழும் ஆங்கிலமும் ஒன்பது எடைகளில் சேர்ந்து வரும் கேட்டமரானும், எடையோடு அகலத்தையும் மாற்றிக்கொள்ள வசதி உள்ள அனெக் தமிழும் தொடக்கத்துக்கு ஏற்றவை. இவை எதிர்காலத் தோற்றத்துக்கென்று வரையப்பட்டவை அல்ல, ஆனால் அத்தோற்றமுள்ள ஆங்கிலத் தலைப்புக்கு அருகில் உறுத்தாமல் நிற்கும். பெயர்ச் சின்னம் மட்டும் தமிழில் வேண்டுமென்றால், எழுத்துருவைத் தேடுவதைவிட அந்த நான்கைந்து எழுத்துகளைத் தனியாக வரைந்துகொள்வதே நல்லது. தேவைப்படாத எழுத்துகளின் கட்டுப்பாடு இல்லாததால் துணிச்சலாக வரையலாம். எழுத்து இடைவெளியை ஆங்கிலத்தைப் போல் அகலமாக விடாதீர்கள். கொம்பும் காலும் தம் மெய்யை விட்டு விலகித் தனியே நிற்பது போலாகிவிடும். வரிகளுக்கிடையே இடத்தைக் கூடுதலாக விடுங்கள், ஏனென்றால் மேல் வரியின் உகரச் சுழிகளும் கீழ் வரியின் புள்ளிகளும் ஈகார வளைவுகளும் அந்த இடத்தில்தான் சந்திக்கின்றன.

தேர்வை உறுதிசெய்யும் முன், பெயரை உண்மையில் தோன்றப்போகும் மிகச் சிறிய அளவில் பாருங்கள். உலாவியின் தாவலில் தெரியும் சின்னத்துக்குக் கிடைப்பது 16 பிக்சல்தான். அங்கே முழுப் பெயர் நிற்காது, முதல் எழுத்து மட்டும் நிற்குமா என்று பாருங்கள். வெயிலில் கைப்பேசியைப் பிடித்துப் பாருங்கள். அந்தப் பெயரை முன்பு கேட்டிராத ஒருவரிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் காட்டி, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வடிவமைத்தவருக்குச் சொல் முன்பே தெரியும் என்பதால் அவருடைய கண் இந்தச் சோதனைக்கு உதவாது.

கடைசியாக, உரிமம். நான் சட்ட வல்லுநர் அல்லன். பொதுவான நடைமுறையை மட்டும் சொல்கிறேன். விலை கொடுத்து வாங்கும் எழுத்துருக்களில் கணினியில் பயன்படுத்துவதற்கும், இணையதளத்தில் வைப்பதற்கும், செயலிக்குள் பொதிந்து அனுப்புவதற்கும் தனித்தனி உரிமங்கள் இருப்பது வழக்கம். முதலாவதை வாங்கியவர் மூன்றாவதும் தம்மிடம் இருப்பதாக எண்ணிவிடுகிறார். ‘சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம்’ என்று குறிக்கப்பட்டவற்றை வணிகச் செயலியில் வைக்க முடியாது. எஸ்ஐஎல் என்ற அமைப்பின் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானவற்றை, எடுத்துக்காட்டாக இதே தோற்றம் கொண்ட ஆர்பிட்ரான் எழுத்துருவை, வணிகப் பணியிலும் பயன்படுத்தலாம், செயலியோடு சேர்த்தும் வழங்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. கேட்டவரின் நிலையில் இந்தத் தலைவலியைப் பெருமளவு குறைக்க ஒரு வழி இருக்கிறது. பெயர்ச் சின்னத்துக்கு மட்டும் இந்த எழுத்துருவைப் பயன்படுத்தி, அந்தச் சொல்லைக் கோட்டு வடிவப் படமாக மாற்றிச் செயலியில் வைத்தால், எழுத்துருக் கோப்பை உள்ளே அனுப்பவே தேவையில்லை. செயலியின் கோப்பளவும் குறையும். பெயர்ச் சின்னமாகப் பயன்படுத்துவதைச் சில உரிமங்கள் தனியாகக் கட்டுப்படுத்துகின்றன, அந்த ஒரு விதியை மட்டும் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்தப் படத்துக்கு மாற்று உரையாகப் பெயரைச் சரியான எழுத்துகளில் எழுதிவைத்தால், திரைவாசிப்பு மென்பொருளும் அதைப் பிழையின்றிப் படிக்கும்.